மூன்றாவது விலா

நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதுதான் என் பழக்கம். இந்த ஒரு விஷயத்தில் அது முடியவில்லை. நடுவில் சில நிமிடங்கள் என்னிடம் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களிடமிருந்து வந்ததை அதன் பிறகு சொல்கிறேன். இரண்டும் ஒட்டாத இடத்தை ஒட்டாமலேயே விட்டுவிடுகிறேன்.

நான் ஆம்புலன்ஸில் சிகிச்சை பார்க்கும் பெண். பதினோரு வருட சர்வீஸ். வண்டியில் நாங்கள் இரண்டு பேர். நோயாளியைப் பார்ப்பது நான், வண்டி ஓட்டுவது அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. ஆறு வருடமாக ஒரே வண்டியில் போய் வந்து அண்ணன் ஆகிவிட்டவர். டெப்போவில் அவருக்கு ஸ்பீடு என்று பெயர். சைரன் போட்டுக்கொண்டு போகும்போதே ஒரு சைக்கிள்காரன் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறான், அதனால் வந்த பெயர். ஆனால் இடுப்பு உடைந்து வண்டியில் படுத்து வந்தவர்களைக் கேட்டால் அவருடைய அருமை தெரியும். ஒரு குலுக்கல் இருக்காது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. நோயாளி இருக்கும் அறைக்குள் இரண்டு பேராகப் போக வேண்டும், இரண்டு பேராகத்தான் வெளியே வர வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் நகரக் கூடாது. மீறினால் விசாரணை, வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். விதி ஏன் வந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் டெப்போவில் வேலையில் அடிவாங்கிப் பல் போனவர்கள் இரண்டு பேர், மூக்கு வளைந்தவர் ஒருவர்.

அன்று செவ்வாய்க்கிழமை, பிற்பகல். மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்த மகள் டிவி ரிமோட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாமல். அவளுடைய அப்பா சோபாவுக்கும் கண்ணாடி டீப்பாய்க்கும் இடையில் மல்லாந்து கிடந்தார். அறுபது, அறுபத்திரண்டு வயது இருக்கும். நாடி இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதயம் நின்றுபோனவரை நாங்கள் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோம். படியில் இறக்குகிற நேரத்தில் மூளை செத்துவிடும். கிடக்கிற இடத்திலேயே மண்டியிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், இரண்டு அங்குல ஆழத்துக்கு. சரியாக அழுத்தினால் சில சமயம் விலா எலும்பு முறியும். சத்தம் கேட்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் போட்டு அடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

இரண்டு விலா முறிந்தது எனக்கு நினைவிருக்கிறது. கைக்குத் தெரியும் அது. இரண்டாவது தடவை ஷாக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. அதற்கு அடுத்து என் நினைவில் இருப்பது எங்கள் வண்டியின் கூரை. பதினோரு வருடத்தில் நான் அதைப் படுத்துக்கொண்டு பார்த்ததில்லை. மூலையில் ஒரு ஸ்குரூ கழன்று தொங்கியது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் தலையில் யாரோ பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

இடது காதுக்கு மேலே ஆறு தையல். காதுக்குள் ஓயாத ரீங்காரம்.

வியாழக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"எப்படி இருக்கே?"

"காதுக்குள்ள ஒரு கொசு குடிவந்திருக்கு. மத்தபடி நல்லா இருக்கேன்."

"கொசுவுக்கும் உன்னை விட்டா வேற ஆள் கிடைக்கல பாரு." சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்தினார். "அந்தப் பையன் உள்ள இருக்கான். விழுந்து கிடந்தாரே, அவரோட மகன். வந்தவன் காலி ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கி உன் தலையில போட்டான். நான் பாத்தேன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். அவனும் ஆமான்னு ஒத்துக்கிட்டான். இனி நீ வாக்குமூலம் குடுக்கணும், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. இல்லன்னா சும்மா தள்ளுமுள்ளுன்னு கேஸைக் கரைச்சிடுவாங்க. சிலிண்டர்னா ஆயுதம். ஆயுதம்னா வருஷக்கணக்குல உள்ள. டெப்போவே உன் கையெழுத்துக்குத்தான் காத்திட்டிருக்கு."

டைப் அடித்த தாளைக் கொண்டுவந்திருந்தார். 'என் ஓட்டுநர் முன்னிலையில் என்னைத் தாக்கினார்' என்று இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையேண்ணே."

"எனக்கு இருக்கில்ல. அது பத்தாதா?"

பத்தும் என்றுதான் தோன்றியது. ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. தவிர எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. திரும்பிப் படுத்தால் தையல் குத்துகிறது, கோபப்படாமல் எப்படி இருப்பது?

அண்ணன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது டம்ளர் கையில் அப்படியே நிறைந்திருந்தது.

"ஃப்ரிட்ஜ் கதவுல ஏதோ அழுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கே. கிழிச்சுப் போட்டுடவா?"

"ஐயையோ, வேணாம்," என்றார் என் வீட்டுக்காரர். "அன்னிக்கு இவ தொடையில ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில பேன்ட்டை வெட்டும்போது குடுத்தாங்க. ஏதோ எழுதியிருக்கா, தொலைஞ்சா என்னைத்தான் திட்டுவா."

அண்ணன் டம்ளரை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அது என் வேலை முறை. கையுறையோடு நோட்டைத் தேட முடியாது. எனவே மூன்று விரல் அகலப் பிளாஸ்திரியை இடது தொடையில் ஒட்டிக்கொண்டு, நடக்க நடக்க அதில் மணி எழுதுவேன். பிறகு உட்கார்ந்து நல்ல பிரதி எடுப்பேன். எழுந்து போய்ப் படித்தேன்.

4.12 உள்ளே. 4.13 நாடி இல்லை. 4.15 ஷாக். 4.19 ஷாக் 2. 4.21 சி. காலி, அ. கீழே.

அதற்குக் கீழே காய்ந்த ரத்தம். அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல, கோணலாக: 4.27 நாடி.

இரண்டு தடவை படித்தேன். சிலிண்டர் காலி, அண்ணன் கீழே. அப்படியானால் அண்ணன் அறையில் இல்லை. அவரை அனுப்பியது யார்? என்னைத் தவிர அங்கே சொல்வதற்கு ஆள் ஏது?

சிலிண்டர் ஏன் காலியானது என்பது மட்டும் உடனே புரிந்தது. தினமும் காலையில் வண்டிச் சாமான்களுக்கு ஒரு படிவம் உண்டு. மாடிக்குத் தூக்கிப்போகும் பையில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, மாற்று ஒன்று, இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து டிக் போட வேண்டும். எல்லோரும் முதலில் மொத்தமாக டிக் போட்டுவிட்டுப் பிறகுதான் சாமானை அடுக்குவோம், நானும்தான். செவ்வாய்க்கிழமை டிக் போட்டேன். மாற்றுச் சிலிண்டரைப் பையில் வைப்பதற்குள் முதல் அழைப்பு வந்துவிட்டது. படிவத்தில் இருந்தது, பையில் இல்லை.

எல்லாவற்றையும் நேராக வைத்துக்கொள்கிறவள் என்று எனக்கு டெப்போவில் பெயர்.

ஆனால் 4.27 புரியவில்லை. தலையில் சிலிண்டர் விழுந்தவள் எப்படி நாடி பார்த்தாள்? நான் கீழே விழுந்திருந்தால், அதுவரை நெஞ்சை அழுத்தியது யார்? அழுத்தாமல் நாடி வராது. அன்று இரவு என் வீட்டுக்காரர், "தூங்கு, காலையில யோசிக்கலாம்" என்றார். கொசுவும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மெஷின் பிரிவுக்காரர் போன் செய்தார். ஷாக் கொடுக்கும் மெஷின் தானாகவே எல்லாவற்றையும் பதிவு செய்யும், எத்தனை அழுத்தம், எவ்வளவு ஆழம், அறையில் யார் என்ன பேசினார்கள் என்பது வரை. ஒவ்வொரு கேஸையும் அவர் எடுத்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவார்.

"அக்கா, உடம்பு எப்படி? ஒரு சின்ன சந்தேகம். 4.22 வரைக்கும் கோடு அழகா இருக்கு, அது உங்க கை. அப்புறம் பதினோரு செகண்ட் ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் வேற யாரோ அழுத்தறாங்க. ரொம்ப ஆழம், கன்னாபின்னான்னு. அது நம்ம ஸ்பீடு அண்ணனா?"

"அண்ணன் கீழ…" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். "நான் அங்க வர்றேன்."

பதிவைக் காதில் போட்டுக் கேட்டேன். நல்ல காதில்.

மெஷினின் டிக் டிக். என் குரல் எண்ணுகிறது. நடுவில், "சிலிண்டர் காலிண்ணே, கீழ போய் இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க. பாப்பா, நீ கூடப் போய் லிஃப்ட்டைப் பிடிச்சு வை." அண்ணனின் குரல்: "உன்னைத் தனியா விட்டுட்டா?" நான்: "போங்கண்ணே, ரெண்டு நிமிஷம்!"

கதவுச் சத்தம். ஓர் ஆண் குரல். "ஏய்! என்ன பண்றே? எங்கப்பாவை என்ன பண்றே? எந்திரி! எந்திரிடி!" துணி இழுபடும் சத்தம். ஏதோ மோதுகிறது, கண்ணாடி உடைகிறது, இரும்பு உருள்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில். அதற்கு மேல் மெஷினின் நிதானமான குரல்: "அழுத்தத்தைத் தொடரவும். அழுத்தத்தைத் தொடரவும்."

பிறகு என் குரல். குழறுகிறது, வாயில் ஏதோ இருப்பதுபோல.

"அழுத்து."

"ஐயோ… ரத்தம்… ரத்தம் வருது உங்களுக்கு…"

"உன்னைத்தான் சொல்றேன். என்னால முடியல. அவர் நெஞ்சுல கை வெச்சு அழுத்து."

"எனக்குத் தெரியாது, எனக்கு ஒண்ணும் தெரியாது…"

"எருமை! இழுக்கத் தெரிஞ்சுதில்ல? முழங்கையை மடக்காதே! ஒண்ணு, ரெண்டு, மூணு…"

நான் எண்ணுகிறேன். முப்பதுக்குப் பிறகு மறுபடி இருபது வருகிறது. ஒரு தடவை நாற்பதிலிருந்து நேராக எழுபதுக்குப் போய்விடுகிறேன். அவன் அழுதுகொண்டே அழுத்துகிறான். திடீரென்று மளுக்கென்று ஒரு சத்தம்.

"ஒடஞ்சிருச்சு! அக்கா, ஏதோ ஒடஞ்சிருச்சு!"

"ஒடையட்டும்! நிறுத்தினே, கொன்னுடுவேன்!"

மெஷின் பிரிவுக்காரர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அது என் குரல். ஆனால் அந்த அறையில் நான் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. வேறு யாரோ என் குரலை வாங்கிக்கொண்டு போய்ப் பேசியதுபோல இருந்தது. என் தலையை உடைத்தவனும் அவன்தான், நான்கு நிமிடம் அந்த மனிதரின் ரத்தத்தை ஓட்டியவனும் அவன்தான். இதில் எதை முதலில் எழுதுவது, எதை அடுத்து எழுதுவது?

ஐசியுவுக்குப் போன் செய்து அவனுடைய அப்பாவைப் பற்றி விசாரித்தேன். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னேன்.

எங்கள் ஆம்புலன்ஸையே கொண்டுவந்திருந்தார். வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். நடந்தே போயிருக்கலாம்.

"பதிவைக் கேட்டேண்ணே."

அவர் கியரை மாற்றினார்.

"நீங்க அங்க இல்ல. நான்தான் உங்களை அனுப்பினேன்."

"அதை வெளிய சொன்னா ரெண்டு பேர் வேலையும் ஆடும். உனக்காகவும்தான் சொன்னேன். உன் டிக்கும் மாட்டும்ல?"

"மாட்டும். ஆனா சிலிண்டரால அடிச்சதை நீங்க பாக்கலையேண்ணே."

சிக்னலில் நிறுத்தினார். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"கதவைத் திறந்தேன்," என்றார். "நீ ரத்தத்துல கிடக்கறே. பக்கத்துல சிலிண்டர், அது மேலயும் ரத்தம். அவன் அந்த மனுஷன் மேல ஏறி நெஞ்சுல குத்திட்டிருக்கான். நான் என்ன நினைப்பேன்? உன்னை முடிச்சுட்டு அவரையும் முடிக்கறான்னு நினைச்சேன். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். சுவத்துல போய் மோதினான். அப்புறம் பக்கத்து வீட்டு ஆளுங்களும் ரெண்டு வெச்சாங்க."

"அவன் அழுத்திட்டிருந்தான். அது உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கா?"

"இருபது வருஷமா பாக்கறீங்களே, உங்களுக்குத்தான்."

அவர் வண்டியை எடுத்து ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கும்போது, "இந்த வண்டிக் கூரையில ஒரு ஸ்குரூ தொங்குதுண்ணே," என்றேன். ஏன் அப்போது அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஸ்டேஷனில் எழுத்தர் ஒருவர் இருந்தார். வாக்குமூலம் எழுதிக்கொள்பவர். பையனைப் பார்க்க வேண்டும் என்றதும் முகத்தைச் சுளித்தார். "அடிச்சவனை நலம் விசாரிக்க வந்தியாம்மா?" என்றார். ஆனாலும் கூட்டிவரச் சொன்னார்.

முப்பது வயது இருக்கும். ஃபர்னிச்சர் கடையில் சாமான் தூக்கி இறக்குகிற வேலை, அகலமான கை. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

"தெரியுதில்ல. என்னை எதால அடிச்சே?"

"அடிச்சேன்."

"எதாலன்னு கேட்டேன்."

"அதான் ஒத்துக்கிட்டேனே. அவங்க சிலிண்டர்னு சொன்னாங்க, ஆமான்னேன். எழுதிக்கட்டும். அப்பாவே போயாச்சு, இனி எதுவா இருந்தா என்ன?"

"யார் சொன்னா போயாச்சுன்னு?"

"சீரியஸ்னு சொல்றாங்க. எங்கம்மாவுக்கும் ரெண்டு நாள் சீரியஸ்னுதான் சொன்னாங்க. மூணாவது நாள் வேன்ல கொண்டுவந்து இறக்கினாங்க. தங்கச்சி என்னைப் பாக்கவே வரல. அதுலயே தெரியல?" கிழிந்த உதட்டைக் கையால் பொத்திக்கொண்டான். "நான் உங்களை இழுக்காம இருந்திருந்தா…"

நான் எழுத்தரைப் பார்த்தேன். அவர் பேனாவைப் பார்த்தார்.

"உங்கப்பா இன்னிக்குக் காலையில நர்ஸ்கிட்ட கண்ணாடி கேட்டிருக்கார்."

அவன் புரியாமல் விழித்தான். "முகம் பாக்கறதா?"

"மூக்குக் கண்ணாடிப்பா. வீட்டுல டிவி மேல இருக்காம். உன் தங்கச்சி எடுக்கப் போயிருக்கா. உன்னைப் பாக்க வராததுக்குக் காரணம் அவ உன் மேல கொதிச்சுப் போயிருக்கா, அவ்வளவுதான்."

"டிவி மேலதான் வைப்பார்," என்றான். "கண்ணாடி இல்லாம அவருக்குக் காதும் கேக்காதும்பார்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுதானா சிரித்தானா என்று சொல்லத் தெரியவில்லை. கான்ஸ்டபிள் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "உங்களை இழுத்தேன். ரொம்ப வேகமா இழுத்துட்டேன். நீங்க டீப்பாய் மேல விழுந்து, அங்கேருந்து கீழ விழுந்தீங்க. டீப்பாய்ல பட்டுச்சா, கீழ கிடந்த சிலிண்டர்ல பட்டுச்சா, சத்தியமா எனக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்கக்கா."

"அதை இப்பக் கேக்காதே. இந்தக் காதுல கொசு கத்துது, சரியா விழல."

உண்மையாகவே எனக்கு மன்னிக்கத் தோன்றவில்லை. ஓங்கி ஓர் அறை விடவும் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருந்தால் தேவலை.

எழுத்தர் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். அண்ணன் கொடுத்த டைப் தாளை நான் மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, பிளாஸ்திரியை மேஜைமேல் வைத்தேன்.

சொல்லச் சொல்ல எழுதினார். மாற்றுச் சிலிண்டரைப் பையில் வைக்காமல் டிக் போட்டது நான். விதியை மீறி ஓட்டுநரைக் கீழே அனுப்பியது நான். ஆகவே அவர் அடியைப் பார்த்திருக்க முடியாது. மகன் என்னைப் பிடித்து இழுத்தார். அது குற்றம், அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தலையில் பட்டது எது என்று எனக்குத் தெரியாது. 4.19க்குப் பிறகு வண்டியில் கண் விழிக்கும்வரை எதுவும் என் நினைவில் இல்லை. அந்த நேரத்தில் என் குரல் சொன்னபடி அவர் அழுத்தினார். மெஷினில் பதிவு இருக்கிறது.

எழுத்தர் பேனாவை மூடினார். "இது அவன் மேல புகாரா, உன் மேல புகாரா? எந்தத் தலைப்புல போடறதுன்னே தெரியலையேம்மா."

"எனக்கும் தெரியல சார். நடந்ததைப் போடுங்க."

"நடந்ததை எல்லாம் போட்டா கேஸ் எப்படி நிக்கும்?" தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சிலிண்டர் என்று முன்பு எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு இழுத்தார். ஆயுதம் இல்லையென்றால் திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்துவிடும் என்று, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர்போல, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அதே திங்கட்கிழமைதான் எனக்கும் அண்ணனுக்கும் டெப்போவில் விசாரணை இருக்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன். அவன் கூப்பிட்டான்.

"அக்கா, நான் அழுத்தும்போது ஒண்ணு ஒடஞ்சுது. அது அப்பாவுக்கு…?"

"மொத்தம் மூணு விலா எலும்பு முறிஞ்சிருக்கு. முதல் ரெண்டும் நான்."

"அப்ப மூணாவது நானா?"

"நீதான். சரியான இடத்துலதான் கை வெச்சிருக்கே."

அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்தர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"ஒரு நிமிஷம். அப்பாவோட எலும்பை ஒடச்சதையும் இதுல சேக்கணுமா, வேணாமா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே அண்ணன் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஸ்டூலில் ஏறி நின்று, அவர் அந்த ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.